தங்கம் ஏன் நீலமாகிறது, அமீன் உண்மையிலேயே ஒட்டியதா? நானோதுகள் மேற்பரப்பு வேலை பற்றி

கேட்கப்பட்டது இது. காரைக்குடியில் முதுகலை வேதியியல் இறுதியாண்டுத் திட்டப்பணி. சிட்ரேட் முறையில் செய்த தங்க நானோதுகள் நல்ல சிவப்பாக வருகிறது; ஆனால் எத்தனாலில் கரைத்த மெர்காப்டோ அன்டெகனாயிக் அமிலத்தை (ஒரு முனையில் தங்கத்தைப் பிடிக்கும் கந்தகம், அதாவது தயோல்; மறுமுனையில் கார்பாக்சில்) விட்டதும் சில நிமிடங்களில் நீலமாகி அடியில் படிகிறது. இரண்டாவது, மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) துகளில் ஆப்டெஸ் (அமீன் முனையுள்ள சிலிக்கான் சேர்மம்) கொண்டு அமீன் ஏற்றித் தண்ணீரிலிருந்து தாமிரம் எடுக்க வேண்டும்; தாமிரம் குறைகிறது, ஆனால் அகச்சிவப்பு நிறமாலை தெளிவாக இல்லை, “அமீன் ஒட்டியிருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று வழிகாட்டி கேட்கிறார். அறிமுகப் பகுதிக்கு இவற்றின் பயன்களும் வேண்டும்.

இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். துகளைச் செய்வது ஒரு நாள் வேலை. அதன் மேல் இருக்கும் அடுக்கை மாற்றி வேறொன்றை நிறுத்துவதும், நின்றது என்று காட்டுவதும்தான் உண்மையான ஆய்வு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் செங்கல்லை யாரும் பார்ப்பதில்லை. அடுக்கடுக்காக ஏற்றிக் கடைசியில் முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த மெல்லிய பூச்சுதான் அந்த வழவழப்பைத் தருகிறது, அடியடுக்கு இறுகாமல் அதைப் பூசினால் உரிந்து வந்துவிடும். நானோதுகளிலும் அப்படித்தான். 13 நா.மீ. (நானோமீட்டர்) தங்கத் துகளில் ஏறத்தாழ 68,000 அணுக்கள். அவற்றில் பத்தில் ஒரு பங்கு வெளியே நிற்கிறது. துகள் கரைசலில் மிதப்பதா, பால் போலத் திரிந்து கட்டிப்படுவதா, எதைப் பிடிப்பது, உடலுக்குள் போனால் எங்கே தங்குவது என்பதெல்லாம் அந்த வெளியடுக்கின் கையில் இருக்கிறது.

முதலில் தண்ணீர். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது. கால்சியம், மக்னீசியம் போன்ற இரட்டை மின்சுமை அயனிகள் சிட்ரேட் தங்கத்தைத் திரிய வைப்பதில் சாதாரண உப்பைவிடப் பல மடங்கு வலிமையானவை. ஆர்.ஓ. கேன் தண்ணீர் குடிப்பதற்குச் சரி. இந்த வேலைக்கு வேண்டாம், அதிலும் கரைந்த உப்பு இருக்கிறது. 18.2 மெகாஓம்-செ.மீ. மின்தடை காட்டும் மிகத் தூய தண்ணீர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கண்ணாடியில் இருமுறை காய்ச்சி வடித்தது, அன்றே வடித்தது. குடுவைகளை ராஜ திராவகத்தில் கழுவுங்கள்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. புகைக்கூண்டுக்குள் மட்டும், அப்போதைக்கு வேண்டிய அளவு மட்டும். மூடிய பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். அசிட்டோனில் அலசிய குடுவையை ஈரம் காயாமல் இதில் போடுவதும் அதே அளவு ஆபத்து.

குளோரோஆரிக் அமில உப்பு ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாட்டிலைத் திறந்து எடை போட்டுக்கொண்டிருந்தால் தட்டிலேயே கூழாகிவிடும், எடையும் பொய்யாகும். அதனால் புட்டியை வாங்கியதும் முழுவதையும் ஒரே தடவையில் கரைத்து, செறிவு குறித்து, இருட்டில் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே வழி. இரும்புக் கரண்டி அதில் படக்கூடாது. உப்பின் எடையில் சரிபாதி தங்கம். கழிவையும் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.

இனி செய்முறை. 1 மி.மோலார் குளோரோஆரிக் அமிலம் 100 மி.லி. (மூன்று நீர் மூலக்கூறு கொண்ட உப்பு 39.4 மி.கி.). குளிர்விப்பான் பொருத்திய குடுவையில் நன்றாகக் கொதிக்க விடுங்கள். தனியாக, டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 114 மி.கி.-ஐ 10 மி.லி. தண்ணீரில் கரைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே ஒரே தடவையில் ஊற்ற வேண்டும். மஞ்சள் மறைந்து நிறமற்றதாகி, கருத்து, ஊதாவாகி, சில நிமிடங்களில் ஒயின் சிவப்பில் நிற்கும். இன்னும் 10 நிமிடம் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்து 15 நிமிடம் கலக்குங்கள். இது டர்கெவிச் 1951-இல் விரிவாக ஆராய்ந்த முறையின் வழிவந்தது. 1973-இல் ஃபிரென்ஸ் சிட்ரேட் அளவை மாற்றித் துகளின் பருமனை மாற்றலாம் என்று காட்டினார்: சிட்ரேட் குறைந்தால் துகள் பெரிது. ஊதாவிலேயே நின்றுவிட்டால் சிட்ரேட் குறைவு, குடுவை அழுக்கு, அல்லது கொதிக்கும் முன்பே ஊற்றியது என்ற மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

நிறமாலையில் உச்சம் 518–520 நா.மீ.-இல் வர வேண்டும். 1 மி.லி.-ஐ 5 மி.லி. ஆக்கி அளந்தால் உறிஞ்சல் 0.7 அளவில் இருக்கும். நீர்க்காமல் அளந்தால் 3-க்கு மேல் போகும், அந்த எண்ணை நம்ப முடியாது. 13 நா.மீ. துகளின் மோலார் உறிஞ்சல் கெழு 2.7 × 10⁸. அதைக் கொண்டு கணக்கிட்டால் உங்கள் கரைசலில் துகள் செறிவு ஏறத்தாழ 13 நானோமோலார். இந்த எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் தயோல் எவ்வளவு என்பது இதிலிருந்துதான் வருகிறது.

கணக்கு இப்படி. ஒரு துகளின் மேற்பரப்பு 530 சதுர நா.மீ. குட்டையான தயோல்கள் ஒரு சதுர நா.மீ.-க்கு நான்கு, ஐந்து என்று நெருங்கி நிற்கும். ஆக ஒரு துகளுக்கு ஏறத்தாழ 2,500. 10 மி.லி. கரைசலில் 0.13 நானோமோல் துகள், அதாவது 0.33 மைக்ரோமோல் இடங்கள். பத்து மடங்கு கொடுத்தால் 3.3 மைக்ரோமோல். மெர்காப்டோ அன்டெகனாயிக் அமிலத்தை எத்தனாலில் 10 மி.மோலாராகக் கரைத்தால் (10 மி.லி.-இல் 21.8 மி.கி.) அதில் 0.33 மி.லி. போதும். அதற்கு மேல் கொட்டினால் கழுவும் வேலைதான் கூடும்.

நீலம் வருவதற்கான காரணம் இது. சிட்ரேட் தங்கம் மிதப்பது எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் மட்டுமே. தயோல் வந்ததும் சிட்ரேட் விலகுகிறது. புதிதாக வந்த அமிலத்தின் கார்பாக்சில் முனை அதே சுமையைத் தர வேண்டும். ஆனால் சிட்ரேட் கரைசலின் பி.எச். 6-ஐ ஒட்டி இருக்கிறது, மேற்பரப்பில் நெருக்கமாக நிற்கும் கார்பாக்சில்கள் புரோட்டானை எளிதில் விடுவதில்லை. தனி மூலக்கூறாக 5-ஐ ஒட்டி அயனியாக வேண்டியது, கூட்டமாக நிற்கும்போது ஒன்றிரண்டு அலகு மேலே போய்விடுகிறது. பழைய சுமை போயிற்று, புதிய சுமை வரவில்லை. துகள்கள் நெருங்குகின்றன, அவற்றின் எலக்ட்ரான் அலைவுகள் ஒன்றோடொன்று பிணைகின்றன, 520 உச்சம் தாழ்ந்து 600–700 பக்கம் அகன்ற மேடு எழுகிறது. கண்ணுக்குத் தெரியும் நீலம் அந்த மேடுதான். 650-இல் உள்ள உறிஞ்சலை 520-இல் உள்ளதால் வகுத்து ஒவ்வொரு படியிலும் குறித்து வாருங்கள். எந்தப் படியில் திரிகிறது என்று கண்ணைவிட அந்த எண் முன்னதாகச் சொல்லும்.

திருத்தம் எளிது. தயோல் சேர்க்கும் முன்பே 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 10–11-க்குக் கொண்டு போங்கள். பி.எச். மின்முனையைத் தங்கக் கரைசலில் முக்காதீர்கள்: அதிலிருந்து கசியும் பொட்டாசியம் குளோரைடே திரிய வைக்கும், கண்ணாடி முனையிலும் தங்கம் படியும். பி.எச். தாள், அல்லது சிறிதளவைத் தனியே எடுத்து அளப்பது. பிறகு டுவீன்-20 என்ற சோப்பு போன்ற பொருள், இறுதிச் செறிவு 0.02 சதவீதம், அரை மணி நேரம். அது துகள்களை ஒரு மென்மையான உறையாகச் சூழ்ந்து, அடுக்கு மாறும் இடைவெளியில் காப்பாற்றும். அதன்பின் தயோலை மெதுவாக விட்டு இரவு முழுக்க விடுங்கள். தயோல் உள்ளே நுழைந்து தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். டுவீன் கழுவும்போது போகும்.

கழுவுவதற்கு மையவிலக்கியில் 12,000–13,000 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு) விசையில் 30 நிமிடம். சுற்று எண்ணையும் ஜி-யையும் குழப்பாதீர்கள். சுற்றுத் தலையின் ஆரம் 8 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஏறத்தாழ 12,900 ஜி தரும், ஆரம் மாறினால் எண்ணும் மாறும். அடியில் இருப்பது எண்ணெய்த் துளி போல வழுக்கும் அடர் சிவப்பாக இருந்தால் நல்லது, குலுக்கினால் கலந்துவிடும். கறுத்த மேலோடாக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தொகுதி போயிற்று. சொனிக்கேட்டர் அதை மீட்காது. கடைசித் துளி வரை மேல்நீரை உறிஞ்சி எடுக்க ஆசைப்படாதீர்கள், வறண்டால் ஒட்டிக்கொள்ளும்.

அமீன் முனையுள்ள தயோல்களை, சிஸ்டீன், சிஸ்டியமின் இரண்டையும், சிட்ரேட் தங்கத்தில் நேராக விட்டால் திரிவது ஏறக்குறைய நிச்சயம். நேர்மின் அமீன் பக்கத்துத் துகளின் சிட்ரேட்டைப் பிடித்துப் பாலமாகிவிடும். அமீன் வேண்டுமென்றால் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலியின் முனையில் வைத்து வாங்குங்கள். புரதம் ஒட்டுவதுதான் இறுதி நோக்கம் என்றால் என் பரிந்துரையும் பெக் தயோல்தான்: 2,000 மூலக்கூறு எடையுள்ள மீதாக்சி பெக் தயோல் ஒன்பது பங்கு, கார்பாக்சில் முனைப் பெக் தயோல் ஒரு பங்கு. மேலே சொன்ன 10 மி.லி.-க்கு மொத்தம் 6–7 மி.கி. பெக் தள்ளுவது சுமையால் அல்ல, தண்ணீரில் விரிந்து நிற்கும் சங்கிலியின் பருமனால். அதனால் உப்புக்கும் பி.எச். மாற்றத்துக்கும் அது அசையாது.

மூடியதா என்று பார்க்க ஒரு மலிவான சோதனை: 1 மி.லி. கரைசலில் 10 சதவீத உப்புநீர் 0.1 மி.லி. மூடாத தங்கம் உடனே நீலமாகும். மூடியது சிவப்பாகவே நிற்கும். நிறமாலையில் உச்சம் இரண்டு மூன்று நா.மீ. நகர்ந்தால் அடுக்கு நின்றிருக்கிறது. அதற்கு மேல் நகர்ந்து அகன்றும் போனால் அது திரிதலின் தொடக்கம். பாஸ்பேட் உப்புக் கரைசலில் மட்டுமே 137 மி.மோலார் சோடியம் குளோரைடு இருக்கிறது. இந்தச் சோதனையில் தேறாத துகளை அதில் விட்டுவிட்டு எதிர்ப்புரதத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

கார்பாக்சிலைப் புரதத்தின் அமீனோடு இணைக்கும் வினைபொருள்கள் இ.டி.சி., என்.எச்.எஸ். இரண்டும். மெஸ் இடையகம், பி.எச். 6 அளவில், 15 நிமிடம் தூண்டுதல். கழுவி உடனே போரேட் அல்லது ஹெப்பீஸ் இடையகத்தில் பி.எச். 7.5–8-இல் புரதத்தோடு கலத்தல். இ.டி.சி. ஈரத்தில் அழியும். உறைபெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து அந்தப் பாட்டிலே கெட்டுவிடும். டிரிஸ், கிளைசின் போன்ற அமீன் உள்ளவை கடைசியில் மிச்சத்தை மூட மட்டும். மிஞ்சிய இ.டி.சி.-யை நிறுத்த மெர்காப்டோ எத்தனால் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. தங்கத்தில் அதைச் செய்தால் நீங்கள் கட்டியதை அதுவே பிடுங்கி எறியும். தயோல்களை வேண்டுமென்றே கழற்றி எண்ணுவதற்கே டை தயோ திரைட்டால் போடுகிறார்கள்.

இந்த இடத்தில் இலைச்சாறு முறை பற்றி ஒரு வார்த்தை. துளசி, வேம்பு, கடுக்காய் என்று எதைக் கொதிக்க வைத்தாலும் தங்கமும் வெள்ளியும் ஒடுங்கும். கடுக்காயில் இருக்கும் டேனின் நல்ல ஒடுக்கி. டேனிக் அமிலத்தைச் சிட்ரேட்டோடு சேர்த்து 10 நா.மீ.-க்குக் குறைவான சீரான துகள் செய்வது நிலைபெற்ற முறை. ஆனால் முழுச்சாற்றில் புரதம், சர்க்கரை, பாலிஃபீனால் எல்லாம் கலந்து ஒட்டிக்கொள்கிறது. எது எவ்வளவு என்று தெரியாத அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கைத் திட்டமிட முடியாது, அடுத்த மாதத்து இலை வேறு இலை. துகள் உண்டாகிறது என்று காட்ட அந்த முறை போதும். மேற்பரப்பு வேலைக்கு அது நல்ல தொடக்கம் இல்லை.

இரும்புக்கு வருவோம். மசார் 1981-இல் வெளியிட்ட இணைவீழ்படிவு முறை: மோல் கணக்கில் ஃபெர்ரிக் இரும்பு இரண்டு, ஃபெர்ரஸ் ஒன்று. ஃபெர்ரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 2.70 கிராம், ஃபெர்ரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 0.99 கிராம், அரை மணி நேரம் நைட்ரஜன் ஊதிய தண்ணீர் 100 மி.லி. நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க, 80 டிகிரியில், வேகமாகக் கலக்கி 25 சதவீத அம்மோனியா 15 மி.லி. நொடியில் கறுக்கும். அரை மணி விட்டு ஆற விடுங்கள். 1.1 கிராம் அளவில் கிடைக்கும். பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது அல்லது ஃபெர்ரஸ் உப்பு பழையது: வெளிர்ப்பச்சையாக இருக்க வேண்டிய படிகம் மஞ்சள், பழுப்பு பூத்திருந்தால் அந்தப் பாட்டிலை இதற்கு எடுக்காதீர்கள். இங்கே மேக்னடிக் ஸ்டிரர் உதவாது, துகள் எல்லாம் கலக்கும் காந்தத்திலேயே போய் ஒட்டும். மேலிருந்து சுழலும் துடுப்புக் கலக்கி வேண்டும். கோடையில் அம்மோனியா பாட்டிலைக் குளிர வைத்துப் புகைக்கூண்டில் திறங்கள். 38 டிகிரி வெயிலில் அடைபட்ட பாட்டில் மூடியைத் திருகினதும் முகத்தில் அடிக்கும்.

கழுவிக் கழுவி நடுநிலைக்குக் கொண்டுவந்ததும் துகள்கள் கட்டிப்படும். தப்பு எதுவும் நடக்கவில்லை. மேக்னடைட்டின் மேற்பரப்புச் சுமை சுழியாகும் பி.எச். 7-ஐ ஒட்டியே இருக்கிறது. உடனே சிட்ரிக் அமிலம் (1 கிராம் துகளுக்கு அரை கிராம், பி.எச். 5, 80–90 டிகிரி, ஒரு மணி) கொடுத்து எதிர்மின்சுமை ஏற்றுங்கள். பூச்சு முடியும் வரை துகளை உலர்த்தவே கூடாது. உலர்த்தி அரைத்து மறுபடி கலக்கினால் கிடைப்பது 10 நா.மீ. துகள் அல்ல, மைக்ரோமீட்டர் கட்டி. பூச்சு அந்தக் கட்டியின் வெளியே மட்டும் விழும். எடை தெரிய வேண்டுமென்றால் 1 மி.லி.-ஐ மட்டும் உலர்த்தி நிறுத்து, மி.லி.-க்கு இத்தனை மி.கி. என்று கணக்கு வையுங்கள்.

ஆப்டெஸை மேக்னடைட்டில் நேராகவும் ஏற்றலாம், ஆனால் இரும்பு–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பு அமிலத்திலும் நீரிலும் சிலிக்கா அளவுக்கு உறுதியாக நிற்பதில்லை. நடுவே மெல்லிய சிலிக்கா அடுக்கு போடுவது நல்லது. ஸ்டோபர் 1968-இல் சிலிக்கா உருண்டைகளுக்காகத் தந்த வேதியியலே இதற்கும்: அரை கிராம் துகளுக்கு எத்தனால் 400 மி.லி., தண்ணீர் 100 மி.லி., அம்மோனியா 5 மி.லி.; சிலிக்காவைத் தரும் டி.இ.ஓ.எஸ். 1 மி.லி.-ஐ இரண்டு மணி நேரத்தில் சொட்டாக விட்டு இரவு முழுக்கக் கலக்குங்கள். எல்லாம் துகள் மேல் விழுந்தால் 2 நா.மீ.-ஐ ஒட்டிய அடுக்கு வரும். வேகமாக ஊற்றினால் துகளை விட்டுவிட்டுத் தனிச் சிலிக்கா உருண்டைகள் பிறக்கும். செய்முறைக் குறிப்புகளில் “அறை வெப்பநிலை” என்று இருப்பது 25 டிகிரி. சித்திரை மாதத்தில் நம் ஆய்வகம் 35-இல் இருந்தால் டி.இ.ஓ.எஸ். வேகமாக நீராற்பகுப்பு அடைந்து அதே தொல்லை வரும், தண்ணீர்த் தொட்டியில் குடுவையை வைத்துச் செய்யுங்கள். மேல்நீர் பாலாக இருந்தால் அது தனிச் சிலிக்கா. காந்தத்தில் துகளைப் பிடித்து அதை வடித்துவிடலாம். அடுக்கு ஓட்டையின்றி மூடியதா என்று பார்க்க, சில மி.கி.-ஐ 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு ஒரு மணி கழித்து மேல்நீரில் பொட்டாசியம் தயோசயனேட் ஒரு துளி. சிவப்பு ஆழமாக வந்தால் இரும்பு வெளியே வருகிறது.

அமீன் ஏற்றம்: அரை கிராம் பூச்சுத் துகள், எத்தனால் 50 மி.லி., தண்ணீர் 2.5 மி.லி., 20 நிமிடம் சொனிக்கேட்டர், ஆப்டெஸ் 0.25 மி.லி., 50–60 டிகிரியில் ஆறு மணி. எத்தனாலில் நாலு தடவை சொனிக்கேட் செய்து கழுவி, 110 டிகிரியில் ஒரு மணி. ஆப்டெஸ் பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாகக் கட்டியிருந்தால் ஈரம் புகுந்து உள்ளேயே சங்கிலியாகத் தொடங்கிவிட்டது. ஆப்டெஸ் அதிகம் போட்டால் அமீன் அதிகம் ஏறும் என்று நினைப்பது பரவலான தவறு. மிஞ்சியது தனக்குள் இணைந்து பிசினாகி மேலே படியும், கழுவும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கடைசிச் சூடு எதற்கென்றால், ஆப்டெஸின் அமீனே சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை நீர் உடைப்பதற்குத் துணை செய்யும். சூட்டில் பிணைப்புகள் பக்கவாட்டிலும் இணைந்தால்தான் தண்ணீரில் நிற்கும். சூட்டில் துகள் கொஞ்சம் கட்டிப்படும். தாமிரம் எடுக்கும் வேலைக்கு அது பரவாயில்லை. உயிரியல் வேலைக்கென்றால் உலர்த்தாமல் எத்தனாலிலேயே கொதிநிலையில் நீண்ட நேரம் வைத்து முடியுங்கள்.

இனி வழிகாட்டி கேட்ட ஆதாரம். அகச்சிவப்பு நிறமாலையில் (எண்கள் எல்லாம் செ.மீ.⁻¹) 570–590 இரும்பு–ஆக்சிஜன், 1080–1090 சிலிக்கா. இரண்டும் பெரிதாக வரும், இரண்டும் அமீனைக் காட்டாது. அமீனின் 1550–1640 பகுதியில் தண்ணீரின் 1630 வந்து உட்காரும். மழைக்காலத்தில் பொட்டாசியம் புரோமைடு வில்லை அடித்தால் தண்ணீர்தான் பெரிய உச்சம். நம்பத்தக்கது 2930, 2860 பக்கத்து சி.எச். உச்சங்கள், ஆனால் கழுவாமல் நின்ற எத்தனாலும் அங்கேயே தெரியும். ஆகவே அகச்சிவப்பு தனியே போதாது, உங்கள் வழிகாட்டி கேட்டது நியாயம்.

வெப்ப எடையளவு (சூடாக்கி எடை இழப்பை அளப்பது) எடுங்கள், ஆனால் எண்ணை முதலில் கணித்துவிட்டு. கிராமுக்கு 80 சதுர மீட்டர் பரப்பு, சதுர நா.மீ.-க்கு 2.5 மூலக்கூறு என்றால் கிராமுக்கு 0.33 மி.மோல். எரிந்து போகும் அமினோபுரோப்பைல் பகுதியின் எடை 58, இழப்பு 1.9 சதவீதம்தான் வர வேண்டும். 200–600 டிகிரிக்குள் 10 சதவீதம் இழந்தால் மகிழாதீர்கள். அது பிசின் அல்லது சிக்கிய கரைப்பான். ஆப்டெஸ் மட்டும் போடாமல் மற்ற எல்லாப் படியும் கடந்த துகளையும் ஓட்டி அதன் இழப்பைக் கழிக்க வேண்டும்.

அமீனோடு ஊதா நிறம் தரும் நின்ஹைட்ரின் எளிது, மலிவு, எண் தரும்: 10 மி.கி. துகள், 2 சதவீத நின்ஹைட்ரின் எத்தனால் கரைசல், 15 நிமிடம் சூடு, காந்தத்தில் துகளை ஒதுக்கி ஊதா நிறத்தை 570 நா.மீ.-இல் அளந்து, ஆப்டெஸ் கொண்டே போட்ட அளவுக்கோட்டோடு ஒப்பிடுதல். ஒரு பொறி உண்டு. அம்மோனியாவும் நின்ஹைட்ரினில் ஊதா தரும், முந்தைய இரண்டு படியிலும் நீங்கள் அம்மோனியா போட்டிருக்கிறீர்கள். சிலிக்கா மட்டும் உள்ள துகள் நிறம் தராமல் இருக்கும் வரை கழுவல் போதவில்லை என்று பொருள். அதோடு, அமீன் துகளைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு மேல்நீரையும் சோதியுங்கள். அங்கே ஊதா வந்தால் அடுக்கு கழன்று வருகிறது.

துகளின் மேற்பரப்புச் சுமையைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தம் இந்தக் கதையை ஒரே படத்தில் சொல்லும். வெறும் சிலிக்காவின் சுமை சுழியாகும் இடம் பி.எச். 2–3, அமீன் ஏறியதும் அது 8-க்கு மேல் நகரும், 7-இல் எதிர்மறையாக இருந்தது நேர்மறையாகும். ஒரே ஒரு பி.எச்.-இல் எடுத்த எண்ணைவிட 3 முதல் 10 வரை ஓடும் கோடு எத்தனையோ மேல். டி.எல்.எஸ். (ஒளிச்சிதறல் அளவி) 200 நா.மீ. என்றும் டி.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) 12 நா.மீ. என்றும் காட்டினால் கருவி கெட்டுவிடவில்லை: ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் படியில் ஏறும், சில கட்டிகள் போதும் மற்ற எல்லாவற்றையும் மறைக்க. காந்த ஏற்பு குறைந்ததற்கும் பதற வேண்டாம், சிலிக்காவின் எடை சேர்ந்ததால் கிராமுக்குக் காந்தப் பொருள் குறைந்திருக்கிறது. எக்ஸ் கதிர் ஒளிமின் நிறமாலை கிடைத்தால் நைட்ரஜன் உச்சத்தை 399–400 எலக்ட்ரான் வோல்ட்டில் தேடுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இருக்கும் ஊரில் இருக்கிறீர்கள். துறைத்தலைவர் கடிதத்தோடு அங்கேயும் பல்கலைக்கழகத்திலும் கருவி நேரம் கேட்டுப் பாருங்கள். மாதிரி இரண்டு மட்டும் கொடுக்க முடியுமென்றால் ஒன்று அமீன் துகள், இன்னொன்று ஆப்டெஸ் இல்லாத துகள்.

இவையெல்லாம் எங்கே பயன்படுகின்றன என்று அறிமுகப் பகுதிக்குக் கேட்டிருந்தீர்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் எதிர்ப்புரதம் ஒட்டிய தங்கத் துகள்களே; அங்கே பிணைப்பு பெரும்பாலும் வெறும் ஒட்டுதல், புரதத்தின் சமமின் புள்ளிக்குச் சற்று மேலான பி.எச்.-இல். 1996-இல் மிர்கின் குழுவும் அலிவிசாடோஸ் குழுவும் தங்கத்தில் டி.என்.ஏ. இழைகளைக் கட்டிக் காட்டினார்கள். ஃபெருமாக்சிடால் என்ற மருந்து சர்க்கரைச் சங்கிலி போர்த்திய இரும்பு ஆக்சைடு, இரத்தசோகைக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலிக்கா பூசிய காந்த மணிகள் ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்பில் அன்றாடப் பொருள். நம் பக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி.-யில் பிரதீப் குழு ஆர்சனிக் நீக்க உருவாக்கிய ‘அம்ரித்’ இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடு நானோபொருளைக் கொண்டது. உங்கள் தலைப்புக்கு நெருங்கிய முன்னோடி அதுதான்.

கடைசியாகத் தாமிரச் சோதனை, தவறான முடிவு அதிகம் பிறக்கும் இடம். லிட்டருக்கு 100 மி.கி. தாமிரம் வேண்டுமென்றால் மயில்துத்தம் 393 மி.கி. 50 மி.லி.-க்குத் துகள் 50 மி.கி. பி.எச். 5. அமீன் ஒரு காரம். துகளைப் போட்டதுமே பி.எச். ஏறும். இந்தச் செறிவில் 5.5-ஐத் தாண்டினாலே தாமிர ஹைட்ராக்சைடு வீழ்படிவாகத் தொடங்கும், காந்தத்தோடு அதுவும் இறங்கும், “தாமிரம் குறைந்தது” என்று எழுதிவிடுவோம். ஆகவே பி.எச்.-ஐத் தொடக்கத்தில் மட்டுமல்ல, முடிவிலும் அளந்து எழுத வேண்டும். பி.எச்.-ஐத் தாழ்த்திக்கொண்டே போவதும் தீர்வல்ல: 3-க்குக் கீழே அமீன் எல்லாம் புரோட்டானைப் பிடித்து நேர்மின்சுமை ஏறி நிற்கும், தாமிரத்துக்குக் கொடுக்க எலக்ட்ரான் இணை இருக்காது. அதே நிலை குரோமேட்டுக்கு நல்லது, அது எதிரயனி.

கொள்திறனையும் முன்கூட்டியே கணியுங்கள். கிராமுக்கு 0.33 மி.மோல் அமீன், இரண்டு அமீனுக்கு ஒரு தாமிரம் என்றால் 10 மி.கி.; ஒன்றுக்கு ஒன்று என்றால் 21 மி.கி. உங்கள் முடிவு கிராமுக்கு 80 மி.கி. என்று வந்தால் அது அமீன் செய்த வேலை அல்ல, வீழ்படிவு. மூன்று குப்பிகள் பக்கத்தில் வையுங்கள்: துகள் இல்லாத தாமிரக் கரைசல், அமீன் இல்லாத சிலிக்கா துகள், அமீன் துகள். மூன்றிலும் இறுதி பி.எச். ஒன்றாக இருக்க வேண்டும். மீட்டெடுக்க 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமானது, ஆனால் ஓட்டை வழியே இரும்பையும் கரைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரும்பை அளக்காமல் “ஐந்து முறை பயன்படுத்தலாம்” என்று எழுதாதீர்கள்.

வடித்த நீரில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாமல், ஊருணித் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் தாமிரம் கலந்து செய்து பாருங்கள். இரண்டையும் முதலில் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிக்க வேண்டும். போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் பி.எச்.-ஐப் பிடித்து மேலே வைத்திருக்கும், தாமிரக் கார்பனேட் வீழ்படிவும் வரலாம்; ஊருணியில் மட்கிய இலைதழைப் பொருள் தாமிரத்தைத் தானே பிடித்துக்கொண்டு துகளுக்கு விடாது. அதனால் துகள் இல்லாத குப்பி இங்கே இன்னும் முக்கியம். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் தாமிரத்துக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மி.கி., வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. உங்கள் இறுதிச் செறிவை இந்த இரண்டு எண்களோடு வைத்து எழுதுங்கள், “99 சதவீதம் நீங்கியது” என்று மட்டும் எழுதாமல். 100-இலிருந்து 99 சதவீதம் போனாலும் மிஞ்சுவது 1 மி.கி.